எடைக்காரரின் வலது கை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எடைக்காரர் ஏழாயிரத்து இருநூறு கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கியதில்லை, வட்டிக்கு வாங்கியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவர் பைக்குப் போனதில்லை. ஆனாலும் கடன் கடன்தான். அறுபத்தெட்டு வயதுவரை எவனிடமும் கைநீட்டாத மனிதர் அவர். அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு டம்ளர் தேநீர் குடித்ததில்லை. அப்படிப்பட்டவரைக் கடன்காரராக்கியது குடியும் இல்லை, குதிரைப் பந்தயமும் இல்லை. அவருடைய சொந்த வலது கைதான்.

அந்தக் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் பழைய பேப்பர் கடையில் எடை போடச் சேர்ந்தவர் அவர். கடையில் இருந்தது ஒரே தராசு, காத்திருந்த வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கும். பொறுமை இல்லாமல் பேப்பர் கட்டைக் கையில் தூக்கி, "பதினோரு கிலோ முந்நூறு" என்பார். தராசில் போட்டால் முள் அங்கேதான் வந்து நிற்கும். எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய கட்டா, நடுவில் செங்கல் சொருகிய கட்டா, எல்லாம் அந்தக் கைக்குத் தொட்டதும் தெரிந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை ஊரிலேயே கிடையாது. அந்தக் கையை வைத்துத்தான் முதலாளியிடமிருந்து கடையை வாங்கினார். பிறகு இரண்டு கிடங்கு, ஒரு லாரி, மாடி வைத்த வீடு.

பணத்தைக்கூட அவர் எண்ணிக் கொடுத்ததில்லை. கத்தையை உள்ளங்கையில் ஏந்தி ஒரு குலுக்குக் குலுக்குவார். "அறுபது தாள் இருக்கு. எண்ண வேணாம், போ." வாங்கியவன் வாசலில் நின்று திருட்டுத்தனமாக எண்ணிப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பான். அந்தப் பிளந்த வாயைப் பார்த்தால்தான் இவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

"உங்க கைப் பெருமையைக் கேட்டுக் கேட்டே என் காது தேஞ்சு போச்சு" என்பாள் மனைவி.

"எத்தனை கிராம் தேஞ்சுதுன்னு சொல்லட்டுமா?" என்பார்.

மகன் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு எடைக்காரருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் மகள் வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கார்டு கடை வைத்தாள்.

"சீட்டாட்டக் கிளப்பா நடத்தப் போற? நான் தலைகாட்ட வேணாமா நாலு பேர் முன்னாடி?"

"ஐயோ அப்பா, அந்தச் சீட்டு இல்ல இது. சேர்த்து வைக்கிற கார்டு. பறவைப் படம் போட்டது. இதை வச்சு விளையாடவும் செய்வாங்க."

"யாரு, குழந்தைங்களா?"

"உங்க பல்லைப் பிடுங்கினாரே டாக்டர், அவர்கிட்ட வேலை பாக்கிற நர்ஸ் அக்கா வருவாங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் வருவார். எல்லாரும் சம்பாதிக்கிற ஆளுங்கதான்."

எடைக்காரர் கடையைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் கண்ணாடி மேசை. பின்பக்கம் ஆடுவதற்கு இரண்டு நீள மேசை, மடக்கு நாற்காலிகள். சுவரில் உறை போட்ட கார்டுகள், ஒவ்வொன்றின் மூலையிலும் விலை. ஒரு கார்டின் விலையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் பழைய பேப்பரைக் கிலோ கணக்குல வித்தேன். நீ புதுப் பேப்பரைக் கிராம் கணக்குல விக்கிற. அப்பனை மிஞ்சிட்ட போ" என்றார். வாயெல்லாம் பல்.

மத்தியானத்தில் மகள் பார்சல் ஆபீசுக்குப் போய் வரும் நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. மகள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஒரு பாக்கெட் இருநூறு, உள்ளே பத்துக் கார்டு. பெட்டிக்கு முப்பத்தாறு பாக்கெட், அதில் ஆறு பாக்கெட்டுக்குள் மட்டும் ஒரு மினுமினுக்கும் கார்டு இருக்கும். அதற்குக் கடையில் மின்னி என்று பெயர். எல்லோரும் காசு கொடுப்பது அந்த மின்னிக்குத்தான்.

"பெட்டியில மேல இருக்கிறதை வரிசையா எடுத்துக் குடுங்க. தடவிப் பாக்கக் கூடாது, தடவ விடவும் கூடாது. இது முக்கியம்ப்பா."

மேசை மேலும் எழுதி ஒட்டியிருந்தாள்: பாக்கெட்டுகளைத் தொடாதீர்கள். எடைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சரி, வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தார். கடைக்காரியின் அப்பனுக்கு யார் சட்டம் போடுவது?

வெள்ளைச் சட்டை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எப்போது வந்தாலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைதான் என்பதால் அந்தப் பெயர். முதல் நாளே கும்பிட்டுக்கொண்டு வந்தான்.

"ஐயா, பேப்பர் கிடங்கு முதலாளி நீங்கதானே? தராசே இல்லாம எடை சொல்லுவீங்களாமே?"

எடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனுடைய கைப்பேசியை எடை சொன்னார், பணப்பையைச் சொன்னார், மோதிரத்தைச் சொன்னார். அவன் ஒவ்வொன்றுக்கும் மூக்கில் விரல் வைத்தான். பிறகு பாக்கெட் பெட்டியைப் பார்த்தபடி பேச்சை இழுத்தான்.

"இதுல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியுமா ஐயா? கால் கிராம்கூட இருக்காது. வேணாம் விடுங்க. இது உங்களால ஆகாது."

ஆகாது என்ற சொல்லை யாரும் அந்தக் கையிடம் சொன்னதில்லை. எடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். விரல் நுனியில் ஒவ்வொரு பாக்கெட்டாக நிறுத்துப் பார்த்தார். கனமா, விறைப்பா, அவருக்கே சொல்லத் தெரியாது. ஏதோ ஒன்று சிலதில் கூடுதலாக இருந்தது. நாலைந்தைத் தனியே எடுத்து வைத்தார். வெள்ளைச் சட்டை அவற்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே பிரித்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் மின்னி.

"என்ன கை ராசி ஐயா உங்களுக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அது ராசி இல்லை, எடை என்று எடைக்காரருக்குத் தெரியாமலா இருந்தது? கனமானதை எல்லாம் இவன் கொண்டுபோனால் மிச்சம் யாருக்குப் போகும் என்ற கேள்வி ஒரு மூலையில் எழுந்தது. எழுந்த கேள்வியை அவர் உட்கார வைத்துவிட்டார். வாரா வாரம் வந்து தன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஓர் ஆள் இருக்கும்போது, கேள்விக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

புதுப் பெட்டி பிரிக்கிற நாளெல்லாம் வெள்ளைச் சட்டை வந்தான். சரியாக மகள் இல்லாத நேரம். போகும்போது "டீ செலவுக்கு ஐயா" என்று ஒரு நூறை மேசையில் வைப்பான். எவனிடமும் கைநீட்டாதவர் அதை மரியாதை என்று நினைத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் காசில் தங்க நிறத்தில் பிரேம் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கினார். ஒரு நாள் ஒரு பாக்கெட்டிலிருந்து, மின்னிகளிலேயே அரிதான நீல மீன்கொத்தி வந்தது. இறக்கை முழுக்க நீலமாக மின்னியது. வெள்ளைச் சட்டை துள்ளிக் குதித்தான், இவரும் கைதட்டினார்.

லிஃப்ட் மெக்கானிக் வருவது சம்பள நாளில். வயது நாற்பதைத் தாண்டியவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பாக்கெட்டை வாங்குவார். மின்னி இல்லையென்றால் கார்டுகளைச் சீராக அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் பாப்போம் ஐயா" என்பார். அவர் பையில் ஒரு கனத்த ஆல்பம் உண்டு. எல்லாப் பக்கமும் நிறைந்தாயிற்று, கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. நீல மீன்கொத்திக்கான இடம் அது. எடைக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். மீன்கொத்தி போன பிறகும் பார்த்திருக்கிறார்.

நாலு மாதம் இப்படி ஓடியது. பிறகு பல் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். ஆட வந்தவர்கள் ஒருநாள் பேசி வைத்துக்கொண்டு, பாதி விற்ற பெட்டி ஒன்றின் மிச்சம் முழுவதையும் சேர்ந்து வாங்கிப் பிரித்திருந்தார்கள். ஒரு மின்னிகூட இல்லை.

"என்ன தங்கச்சி இது? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

மகள் திகைத்துப்போனாள். லிஃப்ட் மெக்கானிக் சின்ன டார்ச்சை எடுத்துப் பாக்கெட் உறைகளின் ஒட்டை வரிவரியாகப் பார்த்தார். பிரித்துவிட்டு மறுபடி ஒட்டிய தடயம் இல்லை.

"ஒட்டு சுத்தமா இருக்கும்மா. அப்படின்னா என்ன அர்த்தம்? யாரோ ரொம்பக் கெட்டிக்காரத்தனமா பண்ணியிருக்காங்க" என்றார். "சரக்கு அனுப்புற கம்பெனிக்கு நான் புகார் எழுதப் போறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீங்க ஒரு பதில் சொல்லுங்க."

புகார் போனால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் கடைக்குப் பூட்டுதான். வங்கி வேலையும் இனி திரும்பி வராது.

"என் மகளையா திருடிங்கிறீங்க? யார்கிட்ட பேசறோம்னு தெரியுமா?" என்று எடைக்காரர் மேசையைத் தட்டினார். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் போன பிறகு மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் இல்லாதப்போ யாராவது பாக்கெட்டைக் கையில எடுத்துப் பாத்தாங்களா?"

"ஒருத்தரும் தொடல."

சொல்லி முடித்த அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. வருகிறவர்களில் ஒருத்தரும் தொடவில்லை, அது சத்தியம். தொட்டது யார்? மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

அந்த வாரம் எடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்ன, ரெண்டு நாளா கைப் பெருமை காணோம்? சுளுக்கிடுச்சா?" என்றாள். அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். மகள் மட்டும் இல்லாத ஒரு திருடனைத் தேடிக் கடையின் பூட்டு, சாவி, பின்கதவு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தாள். புதுப் பூட்டு வாங்க அவரிடமே யோசனை கேட்டாள். நல்ல கனமான பூட்டாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை வந்தான். எடைக்காரர் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டார்.

"நீ என்னை வச்சுத் திருடியிருக்கடா."

அவன் முகம் கோணவே இல்லை. "திருடினேனா? ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முழுக் காசு குடுத்தேன் ஐயா. பில்லு உங்க மக கடை பேர்லயே இருக்கு. பெட்டிக்குள்ள நான் கைவிட்டேனா? எடுத்துக் குடுத்தது உங்க கை. போலீசைக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

எடைக்காரர் குரலை இறக்கிக் கேட்டார்: "அந்த மீன்கொத்தியையாவது குடுத்துடு. என்ன விலைன்னாலும் நான் தரேன்."

"அது அன்னிக்கே வித்துப் போச்சு. கடல் தாண்டிப் போயிருக்கும் இப்ப." போகும்போது பழக்க தோஷத்தில் கும்பிட்டான். "உங்களை மாதிரி கை கிடைக்காது ஐயா. மனசுல வச்சுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மகள் முத்திரை உடையாத புதுப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"உங்க எதிர்லயே திறக்கறேன். எண்ணிப் பாத்துக்கோங்க. கடையில தப்பு நடக்கல."

"இந்தப் பெட்டி சரியா இருந்தா பழைய பெட்டி சரியாயிடுமா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மகளின் கண் நிறைந்துவிட்டது. எடைக்காரர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அந்தப் பெட்டியை இங்க கொட்டும்மா."

"எதுக்குப்பா?"

"கொட்டும்மா."

முப்பத்தாறு பாக்கெட்டும் நீள மேசையில் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக விரல் நுனியில் நிறுத்துப் பார்த்தார். ஆறைத் தனியே பிரித்து வைத்து, நர்சின் பக்கம் தள்ளினார்.

"பிரிச்சுப் பாரும்மா."

முதலாவதில் மின்னி. இரண்டாவதில் மின்னி. மூன்றாவது வெறும். மற்ற மூன்றிலும் மின்னி.

வாழ்நாள் முழுக்க இந்த இடத்தில் அவருக்குக் கைதட்டல் விழும். வாயைப் பிளப்பார்கள், முதுகில் தட்டுவார்கள். இன்றைக்கும் எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பார்வைக்கு அவர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றாள் நர்ஸ்.

"நாலு மாசமா. வெள்ளைச் சட்டை போட்டுட்டு ஒருத்தன் வருவான். அவனுக்கு எடுத்துக் குடுத்தேன். எம்மகளுக்கு இது தெரியாது."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேசை மேல் ஒட்டியிருந்த எழுத்தை விரலால் தொட்டுக் கேட்டாள்: "இது யாருக்குன்னு நினைச்சீங்கப்பா?"

"வர்றவங்களுக்குன்னு..."

"நீங்களும்தானே தினமும் வந்தீங்க."

நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஆல்பத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். வெளியே போய்விட்டார்.

அந்த நாலு மாதத்தில் பாக்கெட் வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவது என்று மகள் முடிவு செய்தாள். கடைப் பணத்தில் தருவதாகத்தான் இருந்தாள். "கை என்னோடது" என்றார் எடைக்காரர். சரி, ஆனால் யார் மூலமாகவும் கொடுத்தனுப்பக் கூடாது, நீங்களே நேரில் தர வேண்டும் என்றாள். தந்தார். நர்ஸ் வாங்கிக்கொண்டு, "பல்லு எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டதே அவருக்குச் சவுக்கடிபோல் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குத் தர வேண்டியது முப்பத்தாறு பாக்கெட்டுக்கு ஏழாயிரத்து இருநூறு; அவர் மட்டும் கடைப்பக்கமே வரவில்லை. சம்பள நாள் வந்தது, போனது. அவர் புகார் எழுதிவிட்டாரா என்று தெரியாமல், பார்சல்காரன் மணி அடிக்கும்போதெல்லாம் மகள் திடுக்கிட்டாள்.

கடைசியில் எடைக்காரரே விசாரித்துக்கொண்டு போனார். ஓர் அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது. மூட்டு வலியோடு படியேறினார். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு பாதி திறந்து கிடந்தது. லிஃப்ட் பெட்டி கீழே இறங்கி நிற்க, அதன் கூரைமேல் நின்று இடுப்பளவுக்குத் தெரிந்தார் மெக்கானிக். கம்பிக்கயிற்றில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா" என்றார். வேலையை நிறுத்தவில்லை.

எடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "புகார்..."

"போடல. போட்டா அந்தப் பொண்ணுதான் கடையை மூடணும். அது ஒரு தப்பும் பண்ணல." கொஞ்ச நேரம் கயிற்றைத் துடைத்தார். "அவன் பிரிச்சதுல மீன்கொத்தி வந்துச்சா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் பார்த்தார்கள்?

"வந்துது" என்றார் எடைக்காரர். "நான்தான் எடுத்துக் குடுத்தேன். கைகூடத் தட்டினேன்."

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டார். கையைத் துணியில் துடைத்தார், எப்போதும் பாக்கெட் வாங்குவதற்கு முன் துடைப்பதுபோலவே. கதவின் விளிம்பில் கையூன்றி மேலே ஏறி எதிரில் உட்கார்ந்தார். எடைக்காரர் பையிலிருந்து கத்தையை எடுத்தார். பழக்கம் விடுமா, உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"எழுபத்திரண்டு நூறு இருக்கு. எண்ண வேணாம், என் கை..."

பாதியில் நிறுத்தினார்.

"உங்க கையை நம்பித்தான் நாலு மாசம் காசு குடுத்தேன்" என்றார் மெக்கானிக். "எண்ணிக் குடுங்க ஐயா."

அவர் வலது கையை விரித்து நீட்டினார். ரேகைகளுக்குள் கிரீஸ் கறுப்பாக இறங்கியிருந்தது. எடைக்காரர் தங்கப் பிரேம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விரலை எச்சில் தொட்டு, முதல் தாளை அந்தக் கையில் வைத்தார்.

"ஒண்ணு."

எண்ணத் தெரியாதவர்போல் மெதுவாக எண்ணினார். இருபதில் தடுமாறி, பழைய தாளை மறுபடி தொட்டுப் பார்த்தார். படியில் ஏறி வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கை நீட்டியபடியே இருந்தது, நடுவில் ஒருமுறைகூட மூடவில்லை. நாற்பது. அறுபது. எழுபது. எழுபத்தொன்று.

கத்தை தீர்ந்துவிட்டது.

எடைக்காரர் தம் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். மடியில் தேடினார். பழைய நோட்டுகள், அழுக்கேறிக் கனத்திருந்தவை, கைக்கு ஒன்று கூடுதலாகத் தோன்றியிருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். சட்டைப் பைக்குள் விரலை விட்டு, பேருந்துக்காக வைத்திருந்த ஒரு கசங்கிய நூறை எடுத்தார். தொடையில் வைத்து நீவிச் சமமாக்கினார். மற்றவற்றின்மேல் வைத்தார்.

"எழுபத்திரண்டு" என்றார்.